பச்சைச் செவுள் சிப்பி: மரேன் ஒலெரோன் பயணக் குறிப்புகள்

திங்கட்கிழமை, மரேன்

பிரான்சின் மேற்குக் கரையில், லா ரோஷெல் நகருக்கும் போர்தோ நகருக்கும் நடுவே, சேத்ர் என்னும் சிற்றாறு அட்லாண்டிக் கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் வடகரையில் மரேன் என்ற ஊர் இருக்கிறது. எதிரே, கண்ணுக்கெட்டும் தொலைவில், ஒலெரோன் தீவு நீண்டு கிடக்கிறது. பெருங்கடலின் அலைகளைத் தீவு தடுத்து நிற்பதால் இடைப்பட்ட கடல் ஆழமின்றியும் அமைதியாகவும் உள்ளது. வடக்கிலிருந்து ஷராந்த் ஆறும் தெற்கிலிருந்து சேத்ரும் நன்னீரையும் ஊட்டத்தையும் அதில் கொண்டுவந்து சேர்க்கின்றன. இந்த நீரில் வளர்ந்து, கரையோரத்துக் களிமண் குளங்களில் பக்குவமாகும் சிப்பிகளைத்தான் 'மரேன் ஒலெரோன்' என்ற பெயரில் விற்கிறார்கள். 2009ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் இப்பெயருக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. குளத்தில் இருந்து வராத சிப்பி, பக்கத்துக் கடலிலேயே வளர்ந்திருந்தாலும், அந்தப் பெயரைத் தாங்க முடியாது.

ரோஷ்ஃபோர் நகரம் வரை ரயிலிலும் அங்கிருந்து பேருந்திலும் வந்து சேர்ந்தேன். நிலம் முழுவதும் தட்டையான சதுப்பு. மரேன் தேவாலயத்தின் 85 மீட்டர் உயரக் கோபுரம் வெகு தொலைவிலிருந்தே தெரிகிறது. மாலுமிகள் கரையை அடையாளம் காண அந்தக் கோபுரத்தைத்தான் பார்த்தார்கள் என்பதை ஊரைப் பார்த்தவுடனேயே நம்பலாம், ஏனென்றால் சுற்றுவட்டாரத்தில் வேறு எதுவும் உயரமாக இல்லை.

மாலையில் லா கயேன் துறைக்குப் போனேன். ஒடுங்கிய கால்வாயின் இருபுறமும் பலகைக் குடில்கள், அவற்றின் முன்னே தட்டையான அடிப்பாகம் கொண்ட அலுமினியப் படகுகள். ஒரு குடிலின் முன்பு மேசை போட்டிருந்த பண்ணைக்காரப் பெண்மணியிடம், கடலிலிருந்து நேராக எடுத்த சிப்பி மூன்றும் குளத்தில் பக்குவமான சிப்பி மூன்றும் வேண்டும் என்று கேட்டேன். அவர் இடக்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, சிப்பியின் குழிந்த ஓடு கீழே இருக்கும்படி பிடித்து, பிணைப்பு மூலையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி வலப்பக்க விளிம்பில் குட்டைக் கத்தியை நுழைத்தார். அந்த இடத்தில்தான் ஓடுகளை இறுக்கிப் பிடிக்கும் தசை இருக்கிறது. அது அறுந்ததும் மேலோடு தானாகவே தளர்ந்துவிடுகிறது. உள்ளே இருந்த முதல் நீரைக் கீழே ஊற்றிவிட்டுச் சிறிது நேரம் பொறுக்கச் சொன்னார். சிப்பி மறுபடியும் தன் சதையிலிருந்து நீரைக் கசியவிடும். அந்த இரண்டாம் நீர் முதல் நீரைவிட மென்மையானது.

கடற்சிப்பி வாயில் பட்டவுடன் உப்பும் அயோடின் வாடையும் முன்னே வந்தன. நல்ல சிப்பிதான், ஆனால் மென்று முடிப்பதற்குள் சுவை தீர்ந்துவிட்டது. குளத்துச் சிப்பியில் உப்பு அடங்கியிருந்தது. மெல்ல மெல்ல ஓர் இனிப்பு எழுந்து, விழுங்கிய பிறகு பச்சைக் கொட்டைப் பருப்பின் மணம் நாக்கில் தங்கியது. இரண்டும் ஒரே இனம், ஒரே வயது, ஒரே பண்ணைக்காரரின் கையில் வளர்ந்தவை. குளத்தில் கழித்த சில வாரங்கள் மட்டுமே அவற்றுக்கு இடையில் உள்ள வேறுபாடு. அந்தச் சில வாரங்களில் என்ன நடக்கிறது என்பதை அறியத்தான் இந்தப் பயணம்.

செவ்வாய்க்கிழமை, சேத்ர் ஆற்றங்கரை

இங்கே இந்தக் குளங்களை 'கிளேர்' என்கிறார்கள். சேத்ரின் இரு கரைகளிலும் தீவிலுமாகச் சுமார் 3000 ஹெக்டேர் பரப்பில் அவை பரவிக் கிடக்கின்றன. மூன்று தலைமுறையாகத் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த அறுபது வயதுப் பண்ணைக்காரர் ஒருவர், ரப்பர் காலணி கொடுத்து என்னைத் தம்முடன் அழைத்துச் சென்றார். வரப்பு ஓர் ஆள் நடக்கும் அகலம்தான். இருபுறமும் முழங்காலளவுக்கு மேல் போகாத ஆழத்தில் நீர் கண்ணாடியாக நின்றது.

கிளேர் என்பது களிமண்ணில் வெட்டிய குளம். சிமென்ட் இல்லை, பிளாஸ்டிக் விரிப்பு இல்லை. ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் ஒவ்வொரு குளத்தின் அருகிலும் வந்து போகிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஓதம் உயரும்போது மட்டும் வாய்க்கால் நீர் குளத்தின் மட்டத்தை எட்டுகிறது. அப்போது மதகைத் திறந்து பழைய நீரை மாற்றுவார்கள். இடைப்பட்ட நாட்களில் குளம் மூடியே கிடக்கும். அந்த நாட்களில் வெயில் நீரைச் சூடாக்குகிறது, மழை உப்பைக் குறைக்கிறது, காற்று மேற்பரப்பைக் கலக்குகிறது, அடியில் இருக்கும் களிமண் தன் தாதுக்களை நீருக்குக் கொடுக்கிறது. கடலில் ஒரு நாளும் அசையாமல் நில்லாத நீர், இங்கே நின்று நிதானிக்கிறது. நிற்கும் நீரில் ஒளி அடிவரை இறங்குவதால் நுண்பாசிகள் பெருகுகின்றன.

அந்தப் பாசிகளில் ஒன்றுதான் மரேனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஹஸ்லியா ஆஸ்ட்ரியாரியா என்னும் டயாட்டம் அது. இருமுனையும் கூர்ந்த ஓடம் போன்ற வடிவமுடைய ஒற்றை உயிரணு. அதன் இரு நுனிகளிலும் நீல நிறமி சேர்கிறது. அந்த நிறமிக்கு மரெனின் என்று ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நிறமி நீரில் கரைந்து கசிய, சிப்பி நீரை இழுத்து வடிகட்டும்போது அது செவுளில் ஒட்டிக்கொள்கிறது. நீலமும் சதையின் வெளிர்மஞ்சளும் சேர்ந்து கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. பெஞ்சமின் கயோன் என்னும் பிரெஞ்சு இயற்கையாளர் 1820ஆம் ஆண்டிலேயே இந்த உயிரைக் குறித்து எழுதினார். அதற்கு முன்பு பச்சைச் சிப்பியைச் செம்பு நஞ்சு ஏறியது என்று அஞ்சியவர்களும் இருந்தார்கள்.

பண்ணைக்காரர் ஒரு குளத்தின் ஓரத்தில் குனிந்து, அடியிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளிக் காட்டினார். சாம்பல் நிறக் களிமண்ணின் மேல், நகத்தின் கனம்கூட இல்லாத நீலப்பச்சைப் படலம் ஒன்று படர்ந்திருந்தது. விரலால் தேய்த்தபோது வழுக்கிக்கொண்டு போனது, விரலில் சாயம் லேசாகத் தங்கியது. அடுத்த குளத்தில் குனிந்து அள்ளியபோது வெறும் சாம்பல் மண். ஒரே வரப்பின் இருபுறமும் உள்ள குளங்கள் அவை. ஒரே வாய்க்கால், ஒரே நாளில் மாற்றிய நீர். ஒன்று பச்சை பூண்டிருக்கிறது, மற்றொன்று பூணவில்லை.

"எந்தக் குளம் எப்போது பச்சையாகும் என்று என் தாத்தாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் செய்யக்கூடியது குளத்தைத் தயாராக வைத்திருப்பதுதான்," என்றார்.

அந்தத் தயாரிப்பு சிறிய வேலையன்று. ஆண்டுக்கு ஒருமுறை குளத்தை முழுவதும் வடித்து, அடிமண் பாளம் பாளமாக வெடிக்கும்வரை வெயிலிலும் காற்றிலும் காயவிடுகிறார்கள். சிப்பிகளின் கழிவும் அழுகிய பாசியும் அப்போது மக்கி மண்ணோடு சேர்கின்றன. புதிய நீர் ஏறும்போது டயாட்டங்கள் முளைக்கச் சுத்தமான படுகை கிடைக்கிறது. இடிந்த வரப்பை மண்வெட்டியால் களிமண் அப்பிச் சரிசெய்கிறார்கள், வாய்க்காலில் சேர்ந்த சேற்றை வாருகிறார்கள், நண்டு துளைத்த பொந்துகளை அடைக்கிறார்கள். இப்போது இயந்திரங்கள் வந்துவிட்டன என்றாலும் மதகைச் சுற்றியுள்ள இடங்களில் கைவேலைதான் செல்லும் என்று அவர் சொன்னார். குளத்தை ஒரு பருவம் கவனிக்காமல் விட்டால் சேறு ஏறிவிடும். சில ஆண்டுகள் விட்டால் அது மீண்டும் சதுப்பாகிவிடும். கைவிடப்பட்ட குளங்களை வழியில் நானே பார்த்தேன். உப்புப் புல் மண்டிக் கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன.

பச்சை நிறமே சுவையைத் தருகிறதா என்ற கேள்வியைக் கேட்டேன். இதில் பண்ணைக்காரர்களுக்குள்ளேயே இரு கருத்துகள் உண்டு. என்னை அழைத்துவந்த பண்ணைக்காரர் நிறத்துக்குத் தனிச் சுவை இருப்பதாக நம்புகிறார். பச்சை ஏறிய சிப்பி, ஏறாத சிப்பி இரண்டையும் வரப்பிலேயே திறந்து கொடுத்தார். விசிறியாக மடிந்திருந்த செவுளின் விளிம்பு, முதல் சிப்பியில் கடும் பச்சையாகவும் இரண்டாவதில் பழுப்புச் சாம்பலாகவும் இருந்தது. என் நாக்குக்கு இரண்டுமே குளத்துச் சுவையுடன்தான் இருந்தன. பச்சையைச் சுவைக்குக் காரணமாக நான் கொள்ளவில்லை. அந்தச் சிப்பி எங்கே வாழ்ந்தது என்பதற்குச் சான்றாகக் கொள்கிறேன். அந்தச் சான்றும் நிலையானதன்று. பச்சைச் சிப்பியைத் தெளிந்த கடல் நீரில் திரும்ப வைத்தால் சில வாரங்களில் நிறம் வெளுத்துவிடும்.

புதன்கிழமை, புரூவாஜ்

இன்று காலை முழுவதும் மழை. பேருந்தில் புரூவாஜ் கோட்டைக்குப் போய்வந்தேன். 1555இல் நிறுவப்பட்ட இந்தத் துறைமுகம் ஒருகாலத்தில் உப்பு வணிகத்தால் செழித்தது. வடகடல் நாடுகளின் கப்பல்கள் மீனைப் பதப்படுத்த இங்கேதான் உப்பு ஏற்றின. கனடாவில் கியூபெக் நகரை நிறுவிய சாம்பிளேன் இவ்வூரில் பிறந்தவர் என்று சொல்வார்கள். இன்று கடல் பின்வாங்கிப்போய்க் கோட்டை புல்வெளி நடுவே நிற்கிறது.

மதில் மேலிருந்து பார்த்தால், கிளேர்கள் எங்கிருந்து வந்தன என்பது விளங்குகிறது. இந்தக் கரையின் குளங்களில் பெரும்பகுதி பழைய உப்பளப் பாத்திகள்தான். உப்புத் தொழில் நொடித்தபோது, வரப்பும் வாய்க்காலும் மதகும் ஏற்கெனவே இருந்த நிலத்தில் சிப்பியை விட்டார்கள். நீரை உயர்த்தித் தாழ்த்தும் கைத்திறமையும் உப்பளக்காரர்களிடமிருந்தே வந்தது. அறுவடைக்குப் பிறகு சிப்பியை விற்பனைவரை உயிரோடு வைத்திருக்கத்தான் முதலில் அந்தப் பாத்திகள் பயன்பட்டன. அங்கே கிடந்தவை சுவை கூடி வருவதைக் கண்ட பிறகே பக்குவமாக்குதல் ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது.

வியாழக்கிழமை, கடல்மேல்

அமாவாசை ஓதம் என்பதால் இன்று கடல் வெகுதூரம் வற்றும். இந்தக் கரையில் பகல்நேரப் பெருவற்றம் நண்பகலை ஒட்டி வரும். எனவே விடிந்த சற்று நேரத்தில், பூர்ஸ்ஃபிராங்-லெ-ஷாப்யூ துறையிலிருந்து படகில் ஏறினோம். வழியில் லூவ்வா கோட்டை கடலுக்கு நடுவே நின்றது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பதினான்காம் லூயி காலத்தில் கட்டிய அந்தச் சிறு கோட்டைக்கு, நீர் வற்றும்போது கல்பாதையில் நடந்தே போகலாம்.

நீர் இறங்க இறங்க, கடலுக்கடியில் இருந்த பண்ணை மேலே வந்தது. முழங்கால் உயர இரும்புத் தாங்கிகள் வரிசை வரிசையாக, ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்டிக் வலைப்பைகள், பைகளுக்குள் சிப்பிகள். நிலம் அரசுடையது, பண்ணைக்காரர்களுக்குக் குத்தகை உரிமை மட்டும்தான் உண்டு. படகு தரைதட்டியதும் அனைவரும் இறங்கி வேலையைத் தொடங்கிவிட்டார்கள். ஓதம் திரும்ப ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும்.

வலைப்பையைத் தூக்கி, உலுக்கி, புரட்டிப் போடுவதுதான் முக்கிய வேலை. புரட்டாவிட்டால் சிப்பிகள் வலைக்கண்ணில் பின்னிக்கொண்டு நீண்டு மெலிந்து வளரும்; மேல்புறத்தில் பாசி படர்ந்து நீரோட்டத்தை அடைத்துவிடும். உலுக்கும்போது ஓட்டின் மெல்லிய விளிம்பு ஒடிகிறது. ஒடிந்த சிப்பி நீளத்தை விட்டு ஆழத்தில் வளர்கிறது, குழி ஆழமானால்தான் சதைக்கு இடம். நானும் ஒரு வரிசையில் கைகொடுத்தேன். பை ஒவ்வொன்றும் பத்துக் கிலோவுக்குக் குறையாது. நவம்பர்க் கடலின் குளிர் கையுறையைத் தாண்டி எலும்பைத் தொட்டது. இளைஞர்கள் இதற்கு வர மறுக்கிறார்கள் என்று படகோட்டி வருந்தியதைப் புரிந்துகொள்ள ஒரு வரிசை போதும்.

குஞ்சு பிடிப்பது கோடையில் நடக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நீர் 20 டிகிரியைத் தாண்டும்போது சிப்பிகள் கருவணுக்களைக் கடலில் விடுகின்றன. ஒரு பெண் சிப்பி கோடிக்கணக்கான முட்டைகளை வெளியிடும். இளவுயிரிகள் இரண்டு மூன்று வாரம் மிதந்த பிறகு, ஒட்டிக்கொள்ள ஓர் இடத்தைத் தேடும். அந்த நேரம் பார்த்துப் பண்ணைக்காரர்கள் ஓடுகள், இரும்புக் கம்பிகள், அடுக்கிய பிளாஸ்டிக் தட்டுகள் முதலியவற்றைக் கடலில் வைக்கிறார்கள். சில நாட்கள் முந்தினால் அவற்றின் மேல் சேறு படிந்துவிடும். பிந்தினால் குஞ்சு போய்விடும். பிரான்சில் இவ்வாறு இயற்கையாகக் குஞ்சு கிடைக்கும் முக்கிய இடங்கள் இந்தக் கரையும் தெற்கே உள்ள ஆர்க்காஷோன் விரிகுடாவும்தான். ஒட்டிய குஞ்சைப் பிரித்து, பையிலிட்டு, மூன்று ஆண்டுகள் வளர்க்கிறார்கள். அதன் பிறகே குளம்.

இனத்தின் வரலாற்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மரேனின் பெருமை எதில் இருக்கிறது என்பது அதில்தான் வெளிப்படுகிறது. இக்கரையின் சொந்தச் சிப்பி தட்டையானது; அறிவியற்பெயர் ஆஸ்ட்ரியா எடூலிஸ். முதலில் குளங்களில் பச்சையானது அந்தச் சிப்பிதான். 1868இல், போர்த்துகல்லிலிருந்து குழிச்சிப்பி ஏற்றிவந்த மோர்லேசியன் என்னும் கப்பல் புயலுக்கு அஞ்சி ஜிரோந்த் முகத்துவாரத்தில் ஒதுங்கியது. சரக்கு கெட்டுவிட்டதாக எண்ணிய கப்பல்தலைவர் அதைக் கடலில் கொட்டச் சொன்னார். கெடாமல் பிழைத்தவை படுகையில் பற்றிப் பெருகி, இந்தக் கரைமுழுவதும் பரவின. 1920களின் தொடக்கத்தில் தட்டைச் சிப்பி நோயால் பெருமளவில் மாண்டபோது, தொழிலைத் தாங்கியது போர்த்துகீசச் சிப்பிதான். அதுவும் 1960களின் பிற்பகுதியில் செவுள் நோய் கண்டு, சில ஆண்டுகளில் அடியோடு அழிந்தது.

1970களின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து குஞ்சுகளும் கனடாவின் மேற்குக் கரையிலிருந்து தாய்ச்சிப்பிகளும் விமானத்தில் கொண்டுவரப்பட்டன. இன்று இங்கே வளர்வது அந்த ஜப்பானியச் சிப்பியின் வழிவந்தவையே. 2011இல் ஜப்பானின் மியாகிப் பகுதியை ஆழிப்பேரலை அழித்தபோது, பிரெஞ்சுப் பண்ணைக்காரர்கள் பழைய நன்றியை நினைந்து அங்கே கருவிகள் அனுப்பினார்கள். இதைப் படகில் என்னிடம் சொன்னவரின் குரலில் பெருமிதம் இருந்தது. மூன்று இனங்கள் மாறியும் மரேன் சிப்பி மரேன் சிப்பியாகவே அறியப்படுகிறது என்றால், அதன் அடையாளம் குளத்தில் இருக்கிறது, இனத்தில் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

துன்பம் முடிந்துவிடவில்லை. 2008 முதல் ஹெர்பஸ் வகை வைரஸ் ஒன்று இளங்குஞ்சுகளைத் தாக்குகிறது. நீர் 16 டிகிரியைத் தாண்டும் வசந்த நாட்களில், ஒரு பையில் இருக்கும் குஞ்சுகளில் பாதிக்கு மேல் சில நாட்களில் வாய்பிளந்து செத்துப்போகும். மனிதருக்கு அதனால் தீங்கில்லை. இறக்கும் என்று தெரிந்தே கூடுதலாகக் குஞ்சு பிடிக்கிறார்கள், நோயைத் தாங்கி நிற்பவற்றிலிருந்து வளர்க்கிறார்கள். லா திரம்பிளாத் ஊரில் உள்ள இஃப்ரமேர் கடலாய்வு நிலையம் இதில் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை, லா திரம்பிளாத்

சேத்ரின் தென்கரைக்கு வந்துவிட்டேன். இன்று தரம்பிரிக்கும் கொட்டகையில் இருந்தேன். இயந்திரம் ஒவ்வொரு சிப்பியையும் எடைபோட்டுத் தனித்தனிக் கூடையில் தள்ளுகிறது. எண் குறையக் குறையச் சிப்பி பெரியது. பெரும்பாலோர் வாங்கும் 3ஆம் எண் 66 முதல் 85 கிராம் வரை. பருமனைப் பற்றி மட்டுமே அந்த எண் பேசுகிறது. தரத்தைச் சொல்வது சதை விகிதம்: ஓட்டோடு சேர்ந்த எடையில் வடித்த சதை நூற்றுக்கு எத்தனை பங்கு என்ற கணக்கு. 6.5 முதல் 10.5 வரை இருந்தால் 'ஃபீன்', அதற்கு மேல் 'ஸ்பெசியால்'.

குளத்தில் எத்தனை சிப்பிகளை எவ்வளவு காலம் விடுகிறார்கள் என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. 'ஃபீன் த கிளேர்' வகைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 3 கிலோ வரை விடலாம். குளிர்காலத்தில் குறைந்தது 28 நாட்கள் இருக்க வேண்டும். 'பூஸ் ஆன் கிளேர்' என்னும் அரிய வகைக்கோ ஒரு சதுர மீட்டருக்கு 5 சிப்பிகளுக்கு மேல் கூடாது. குறைந்தது 4 மாதம் குளத்திலேயே கிடக்க வேண்டும். முதல் வகை குளத்தில் ஓய்வெடுக்கிறது. இரண்டாம் வகை குளத்தில் வளர்கிறது. புதிய ஓடு பீங்கான் வெண்மையில் விளிம்பெங்கும் படர்ந்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

சுவையைப் பற்றிச் சிந்திக்க இங்கேதான் நேரம் கிடைத்தது. சிப்பி தன் உடலின் உப்பைச் சுற்றியுள்ள நீரோடு சமன்செய்துகொள்ளும் உயிர். நீரில் உப்பு மிகுந்தால், உயிரணு சுருங்கிவிடாமல் இருக்கக் கிளைசின், அலனின் முதலிய அமினோ அமிலங்களைத் தனக்குள் சேர்க்கிறது. அவை இயல்பிலேயே இனிப்பானவை. உணவு மிகுந்தால் கிளைகோஜன் என்னும் மாவுச்சத்தைச் சேமிக்கிறது. சதை பருத்து, நிறம் தந்தமாகிறது. கோடையில் அந்தச் சேமிப்பெல்லாம் கருவணுக்களாக மாறிவிடுவதால்தான் சிப்பி பாலாகக் குழைந்து சுவை மழுங்குகிறது. இலையுதிர் காலத்தில் அது மறுபடியும் சேமிக்கத் தொடங்கும் நேரத்தில், மழையால் உப்பு தணிந்த, நுண்பாசி நிறைந்த குளத்தில் இறக்கினால், கடல் உப்பின் முரட்டுத்தனம் மறைந்து சேமித்த இனிப்பு முன்னே வருகிறது. திங்கட்கிழமை நான் உண்ட இரண்டு வகைச் சிப்பிகளின் வேறுபாட்டுக்கு எனக்குக் கிடைத்த விளக்கம் இதுதான்.

கொட்டகையின் பின்புறம் சிமென்ட் தொட்டிகளில் இன்னொரு பாடம் நடந்துகொண்டிருந்தது. சிப்பிகளை நீரில் வைப்பதும் வெளியே எடுத்துக் காயவைப்பதுமாக மாற்றி மாற்றிச் செய்கிறார்கள். நீர் இல்லாதபோது வாயை இறுக மூடிக்கொள்ளும் பழக்கம் அதனால் உறுதிப்படுகிறது, மூடுதசையும் வலுவடைகிறது. இந்தப் பயிற்சி இல்லாத சிப்பி வண்டியில் ஏறியதும் வாயைத் திறந்து, தன் நீரை இழந்து, ஊர் போய்ச் சேருமுன் இறந்துவிடும். சிப்பி நல்ல தொலைவுக்குப் போவது ஐஸ் கட்டியின் தயவால் என்று நினைத்திருந்தவர்கள் இந்தத் தொட்டிகளைப் பார்க்க வேண்டும்.

மதியம் 'பூஸ் ஆன் கிளேர்' உண்டேன். விலை சாதாரண வகையைப் போல இருமடங்குக்கு மேல். எலுமிச்சையோ வெங்காயக் காடியோ வேண்டாம் என்று கொட்டகைக்காரர் தட்டோடு எடுத்துச் சென்றுவிட்டார். ரை தானிய ரொட்டியும் உப்பிட்ட வெண்ணெயும் மட்டும் மேசையில் இருந்தன. ஓடு நிறையச் சதை. இளநீர்க்காயின் வழுக்கை சற்று முற்றிய பதத்தில் பல்லுக்குக் கொடுக்கும் அந்த மெல்லிய எதிர்ப்பு இதிலும் இருந்தது. கடித்தபோது நொறுங்கியது என்றே சொல்ல வேண்டும். உப்பு கடைசியில், மிகச் சிறிதாக வந்தது. அதற்கு முன் இனிப்பு, பிறகு பச்சைக் கொட்டைப் பருப்பு, பிறகு மழை நனைத்த மண்ணின் வாடை. விழுங்கிய பின்னும் நெடுநேரம் வேறெதையும் உண்ண மனமில்லை. சிப்பியை மெல்லாமல் வழுக்கி விழுங்குவோர் இந்தச் சுவையில் பாதியைக்கூட அறியமாட்டார்கள். பக்குவமான சிப்பியைக் கட்டாயம் மென்றுதான் உண்ண வேண்டும்.

சனிக்கிழமை, ஒலெரோன் தீவு

1966இல் திறந்த, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தைக் கடந்து தீவுக்கு வந்தேன். பாலத்திலிருந்து பார்க்கும்போது, வற்றிய கடலில் சிப்பித் தாங்கிகளின் கறுப்பு வரிசைகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீண்டன. லெ ஷத்தோ துறையில் பழைய பண்ணைக் குடில்கள் பலவற்றில் இப்போது ஓவியர்களும் கைவினைஞர்களும் கடை வைத்திருக்கிறார்கள். வண்ணம் பூசிய கதவுகள் அழகாக இருக்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு வண்ணக் கதவும் தொழிலை விட்டுப்போன ஒரு குடும்பம் என்பதை நினைக்காமல் என்னால் அந்த வரிசையில் நடக்க முடியவில்லை. பக்கத்திலேயே, வண்ணம் பூசாத குடில்களில், வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

டிசம்பருக்கான ஆயத்தம் அது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டு முழுவதும் உண்ணும் சிப்பியில் ஏறக்குறையப் பாதி கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் விற்றுவிடுகிறது. அந்த இரண்டு வாரங்களில் கனமழை பெய்து ஆற்றுநீரில் கழிவு கலந்தால், நீரின் தரவகை இறங்கி விற்பனைக்குத் தடை வந்துவிடும். சதையில் உள்ள குடல்நுண்ணுயிரின் அளவைச் சோதித்து அரசு கடற்பகுதிகளை ஏ, பி, சி என்று பிரிக்கிறது. ஏ வகையில் விளைந்ததை மட்டுமே அப்படியே விற்கலாம், பி வகையைத் தூய்மைத் தொட்டியில் வைத்த பிறகே விற்க வேண்டும். மூன்று ஆண்டு உழைப்பின் பலன் மேட்டுநிலத்து ஊர்களின் சாக்கடைக் குழாயை நம்பியிருக்கிறது. சிப்பிக்காரர்கள் ஊராட்சிக் கூட்டங்களில் கழிவுநீரைப் பற்றி இவ்வளவு பேசுவதன் காரணம் எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது. ஆற்றின் தலைப்பகுதியில் என்ன செய்தாலும் அது கடைசியில் சிப்பியின் செவுளுக்கு வந்து சேர்கிறது.

வாங்க வருவோருக்குச் சில செய்திகள். கூடையின் மேல் உள்ள சீட்டில் 'மரேன் ஒலெரோன்' என்ற பெயரும் வகையும் கட்டிய நாளும் அச்சிட்டிருக்கும். மரக்கூடை இறுகக் கட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் அந்த அழுத்தம்தான் ஓட்டை மூடிவைக்கிறது. பச்சை வேண்டுமென்றால் 'வெர்த்' என்ற சொல்லைச் சீட்டில் பாருங்கள், கோடையில் தேடாதீர்கள். வீட்டில் குழிந்த ஓடு கீழே இருக்கும்படி, 5 முதல் 15 டிகிரிக்குள், ஈரத்துணி போர்த்தி வையுங்கள். குழாய்த் தண்ணீரில் மூழ்கவைத்தால் இறந்துவிடும். வாய் பிளந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள், மூடாவிட்டால் எறிந்துவிடுங்கள். நான் வாங்கிய ஒரு டசன் பச்சைச் செவுள் சிப்பி இன்றிரவு லா ரோஷெலில் தங்கும் நண்பர் வீட்டுக்குப் போகிறது. காடி பாட்டிலை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று இப்போதே அவருக்குச் சொல்லியனுப்பிவிட்டேன்.